சிவந்திருக்கிறதா?

(நமது சங்கத்தின் மூத்த அங்கத்தினர்களுக்கான மாதாந்திரக் கூட்டத்தில், மாடுங்காவில் நிகழ்த்திய உரை. அங்கத்தினர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தரப்படுகிறது.)



போன கூட்டத்தில் முழங்கால் வலியைப் பற்றி ஒரு டாக்டர் பேசினார். அதற்கு முந்தின கூட்டத்தில் கண்புரை. இந்தத் தடவை தோலைப் பற்றிப் பேச டாக்டர் யாரும் அகப்படவில்லையா, ரிடயரான ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தரைப் பிடித்து மேடையில் நிறுத்தியிருக்கிறார்களே என்று உங்களில் சிலருக்குத் தோன்றியிருக்கும். நியாயம்தான். ஐம்பது வருஷத்துக்கு முன் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்ததைத் தவிர எனக்கு இதில் வேறு யோக்யதை கிடையாது. ஆனால் தோல் விஷயத்தில் என் குடும்பம் செய்த தப்புகளை விவரமாகச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர் கிடைக்கமாட்டார். அந்த தைரியத்தில் பேசுகிறேன்.

2016 ஜூலை. செம்பூர் சேடா நகரில் என் அக்கா இருந்தாள். அப்போது அவளுக்கு 76 வயது, சர்க்கரை வியாதி இருபது வருஷமாக. நல்ல மழையில் தெருவில் தேங்கின தண்ணீரில் நடந்து கோவிலுக்குப் போய்விட்டு வந்தாள். குதிகாலில் பித்தவெடிப்பு இருந்தது. மறுநாள் இடது கால் வலி, சாயங்காலம் ஜுரம். நான் மாடுங்காவிலிருந்து போய்ச் சேர்ந்தேன். நியூஜெர்ஸியிலிருந்து அவள் பிள்ளை ஃபோனில் கூப்பிட்டான். கெட்டிக்காரப் பையன், கம்ப்யூட்டரில் எல்லாம் படித்துவிட்டுத்தான் பேசுவான்.

"மாமா, கால் செவப்பா இருக்கா, பாருங்கோ. செவந்து இருந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு அழைச்சுண்டு போயிடுங்கோ."

விளக்கைப் போட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். சிவப்பு எதுவும் தெரியவில்லை. "இல்லைடா, எப்பவும் போலத்தான் இருக்கு" என்றேன். அக்கா படுத்துக்கொண்டே சிரித்தாள். "நான் எந்தக் காலத்துல செவப்பா இருந்தேன், இப்போ செவக்கறதுக்கு?" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் அக்கா மட்டும்தான் நல்ல கறுப்பு. அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போய், "ஜாதகம் பொருந்தலை" என்று கார்டு போடுவார்கள். ஜாதகம் பொருந்தினதால்தானே பார்க்கவே வந்தார்கள் என்று அப்பா கேட்கமாட்டார். அக்காவும் ஒன்றும் சொல்லமாட்டாள். அதனால் அன்றைக்கு அவள் சிரித்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில் இரண்டு நாள் போய்விட்டது.

மூன்றாம் நாள் அவள் பேச்சு குழற ஆரம்பித்தது. டாக்ஸியில் சயான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு இளம் லேடி டாக்டர். புடவையை முழங்கால் வரை விலக்கிவிட்டு, புறங்கையை வலது காலில் வைத்தாள், இடது காலில் வைத்தாள், மறுபடி வலது கால். பிறகு விரலால் அழுத்தி எடுத்தாள், குழி விழுந்தது. "எத்தனை நாளா இப்படிக் கருத்திருக்கு?" என்று கேட்டாள், தமிழில். நாங்கள் விழித்தோம். கருத்திருக்கிறதா? அவள் இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் காட்டினாள். இடது கால் ஊதா கலந்த கறுப்பாக, மினுமினுவென்று இறுகிப்போயிருந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழந்தைக்குக் கூடத் தெரியும். நான் ஒரு காலை மட்டும் பார்த்துக்கொண்டு, அதில் இல்லாத சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

செல்லுலைட்டிஸ் என்றார்கள். தோலுக்கு அடியில் கிருமி பரவுவது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் காலையோ உயிரையோ பற்றி உத்தரவாதம் இல்லை என்று பெரிய டாக்டர் பிறகு சொன்னார். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். கால் தப்பியது.

அந்தப் பெண் தாராவியில் பிறந்து வளர்ந்தவள் என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். பாட்டனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்தவர். "எங்க ஏரியாவில சிவப்பைத் தேடினா ஒரு நோயும் கிடைக்காது ஐயா. சூடு, வீக்கம், மினுமினுப்பு, இதைத்தான் தேடணும்" என்றாள். நான் எத்தனையோ வருஷமாக ரயில் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்று தாராவியைப் பார்த்தவன். அங்கே ஒரு வித்தை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அதன் பிறகுதான் இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின். அதைச் செய்யும் செல்களின் எண்ணிக்கை வெள்ளைக்காரருக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை செய்து அனுப்பும் மெலனின் மணிகளின் அளவும், அவை பரவியிருக்கும் விதமும்தான் வேறு. நம் தோலில் மணிகள் பெரிதாக, தனித்தனியாகப் பரவி நிற்கும். வெயிலுக்கு அது நல்ல குடை. ஆனால் அடியில் ரத்தம் கூடி வருகிற சிவப்பை அதே குடை மறைத்துவிடும். நம் தோலில் அழற்சி பழுப்பாக, ஊதாவாக, சாம்பலாகத் தெரியும். இன்னொன்று, நம் தோல் எந்தக் காயத்தையும் லேசில் மறப்பதில்லை. பரு, கொசுக்கடி, சொறிந்த இடம் எல்லாம் ஆறின பிறகும் மாதக்கணக்கில் கறுப்புக் கறையாக நிற்கும்.

டாக்டர்கள் உபயோகிக்கும் தோல் அளவுகோல் ஒன்று உண்டு. ஹார்வர்டைச் சேர்ந்த ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-ல் வகுத்தது. முதலில் வெள்ளைத் தோலுக்குள்ளேயேதான் வகைகள் பிரித்தார். பழுப்பும் கறுப்பும் 5, 6 என்று பிற்பாடு சேர்க்கப்பட்டன. இதில் ஒரு வேடிக்கை. அவர் அந்த அளவுகோலை வகுத்ததே சோராலென் என்ற மருந்தும் புற ஊதாக் கதிரும் சேர்ந்த சிகிச்சைக்கு அளவு நிர்ணயிக்கத்தான். அந்த சோராலென் நம் கார்போகரிசியில் இருக்கும் சரக்கு. நம் பாட்டிமார்கள் குளியல் பொடியில் போட்டு அரைத்தார்களே, அதேதான். மருந்துச் சரக்கு நம்முடையது, அளவுகோலில் மட்டும் நமக்குக் கடைசிப் பெஞ்சு!

புஸ்தகங்களும் அப்படித்தான். மேல்நாட்டுப் பாடப் புஸ்தகங்களின் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல். லண்டனில் மலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர், "கறுப்புத் தோலில் இது எப்படித் தெரியும்?" என்று வகுப்பில் கேட்டுக் கேட்டு, பதில் கிடைக்காமல், தன் ஆசிரியர்கள் இருவரோடு சேர்ந்து 2020-ல் தாமே ஒரு கையேடு வெளியிட்டார். கருவிகளுக்கும் இந்தக் கோளாறு உண்டு. கொரோனா சமயத்தில் நாமெல்லாம் விரலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, ஆக்ஸிமீட்டர், அது கறுப்புத் தோலில் ஆக்ஸிஜனைக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும். அமெரிக்காவில் 2020 டிசம்பரில் வந்த ஆராய்ச்சியில், உண்மையில் ஆக்ஸிஜன் குறைந்திருந்தும் கருவி சரியாக இருப்பதாகக் காட்டியது வெள்ளையரைவிடக் கறுப்பரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு.

"அது அமெரிக்கா ஓய், இங்கே எல்லா டாக்டரும் நம் தோலைத்தானே பார்க்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். வாஸ்தவம். அதுதான் நம் பாக்கியம், அது நமக்கே தெரியவில்லை என்பதுதான் என் குறை.

இந்தத் துறையில் பம்பாய் பெரிய ஊர். இன்றைக்கு இந்தியத் தோல் மருத்துவர்களின் முக்கியமான சஞ்சிகையாக இருப்பது, 1935-ல் டாக்டர் யு.பி. நாராயண ராவ் இந்த ஊரில் ஆரம்பித்ததுதான். நம் மாடுங்காவில் 1890-ல் நகராட்சிக் கமிஷனர் ஆக்வொர்த் முயற்சியால் குஷ்டரோகிகளுக்கான இல்லம் ஏற்பட்டது. வடாலாவில் இன்றும் ஆக்வொர்த் ஆஸ்பத்திரி என்று இருப்பது அதுதான். 1976-ல் டாக்டர் ஆர். கணபதி பாம்பே லெப்ரஸி ப்ராஜெக்ட் ஆரம்பித்து, தாராவியின் சந்துகளுக்குள் போய் வேலை செய்தார். கறுப்புத் தோலில் வெளிறின ஒரு சின்னப் படையைக் கண்டுபிடித்து, அங்கே உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அந்த வேலையின் உயிர்நாடி. வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரியும் அதே படை, நம் தோலில் வெளுப்பாகத் தெரியும். 2005-ல் குஷ்டரோகத்தை ஒரு பொது சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக சர்க்கார் அறிவித்த பிறகும், வருஷத்துக்குச் சுமார் ஒரு லட்சம் புது நோயாளிகள் இந்தியாவில் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். மருந்து இலவசம், பூரணமாகக் குணமாகும். ஆகவே உணர்ச்சியில்லாத வெளிறின படையை "தேமல்தான்" என்று விட்டுவிடாதீர்கள். வெண்புள்ளியை வெண்குஷ்டம் என்று சொல்லி ஒரு குடும்பத்தையே ஒதுக்கவும் செய்யாதீர்கள். இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது, வெண்புள்ளி தொற்றவும் தொற்றாது.

வேஷ்டி கட்டுகிறவர்களுக்கு ஒரு செய்தி. டாடா மெமோரியலில் இருந்த டாக்டர் கனோல்கர், சூர்யாபாய் என்பவரோடு சேர்ந்து 1945-ல் எழுதிய கட்டுரையில், வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் இடுப்பில் இறுக்கிக் கட்டுவதால் வரும் தோல் புற்றுநோயை விவரித்தார். வேஷ்டிப் புற்று என்றே அதற்குப் பெயர். மாமிகளுக்குப் புடவை, உள்பாவாடை நாடா. அபூர்வம்தான், பயப்பட வேண்டாம். ஆனால் இடுப்பில் ஆறாத புண் இருந்தால் காட்டுங்கள். ஸ்டிக்கர் பொட்டின் பசையால் நெற்றியில் வெள்ளை விழுவதும் உண்டு. விழுந்தால் இன்னும் பெரிய பொட்டாக வைத்து மறைக்காதீர்கள், ஸ்டிக்கரை நிறுத்துங்கள். இதையெல்லாம் லண்டன் டாக்டர் புஸ்தகத்தில் தேடவேண்டும். நம்மூர் டாக்டர் பார்த்தவுடன் சொல்வார்.

இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நாம் எங்கே போகிறோம்? மருந்துக் கடைக்கு!

இரண்டாவது தப்பு என்னுடையதே. அக்காவிடம் பாடம் படித்த பிறகும், மறு வருஷம் இடுப்பில் வட்டமாக அரிப்பு வந்தபோது கடையில் ஒரு க்ரீம் வாங்கினேன். இரண்டே நாளில் அரிப்பு போயிற்று. கைராசிக்காரக் கடை என்று நாலு பேரிடம் புகழ்ந்தேன். நிறுத்தினால் திரும்ப வந்தது, தடவினால் அடங்கியது. எட்டு மாதத்தில் வட்டம் இடுப்பைச் சுற்றி வந்து தொடை வரை இறங்கியது. என்னிடமிருந்து என் சம்சாரத்துக்கு, அவளிடமிருந்து மடியில் தூங்கும் பேரனுக்கு. டாக்டர் க்ரீமைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். வந்தது படர்தாமரை, அதாவது பூஞ்சை. க்ரீமில் இருந்தது பூஞ்சை மருந்தோடு கலந்த கடுமையான ஸ்டீராய்ட். அது அரிப்பை அடக்கும், உடம்பின் எதிர்ப்பையும் சேர்த்து அடக்கும், பூஞ்சை உள்ளே நிம்மதியாகக் குடித்தனம் நடத்தும். மூன்று பேருக்கும் குணமாக நாலு மாதம் ஆயிற்று. 2018-ல் சர்க்கார் 14 வகை ஸ்டீராய்ட் பூச்சுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. உத்தரவு போடுவதற்கும் அது அமலாவதற்கும் உள்ள தூரத்தை, உத்தியோகத்தில் இருந்தவன் நான், உங்களுக்குச் சொல்லவேண்டுமா?

அதே ஸ்டீராய்ட்தான் சிவப்பழகு க்ரீம் என்று பல வீடுகளில் முகத்தில் ஏறுகிறது. கறையை நீக்க டாக்டர் சில வாரத்துக்கு எழுதிக்கொடுத்த கலவையை, கல்யாணப் பெண் வருஷக்கணக்கில் தடவுகிறாள். முதலில் வெளுக்கும். பிறகு தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, பருவும் முடியும் முளைத்து, வெயிலில் எரியும். நிறுத்தினால் முகம் பற்றிக்கொண்டதுபோல் ஆகும். சிலதில் பாதரசம். 2023 தொடக்கத்தில் பத்திரிகைகளில் வந்ததே, அகோலாவில் ஒரே குடும்பத்தில் மூன்று பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, இங்கே கே.இ.எம். ஆஸ்பத்திரி வரை வந்தது. அவர்கள் தடவின க்ரீமில் பாதரசம் இருந்தது.

1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் 'ஃபேர்' என்ற வார்த்தையை எடுத்துவிட்டது. கம்பெனிக்காரனே பெயரை மாற்றிவிட்டான். நம் வரன் விளம்பரங்களில் 'நல்ல நிறம்', 'சிவப்பு' மாறியதா? என்னைக் கேட்டால், மருந்துக்கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் நம் ஜாதகப் பரிவர்த்தனை நோட்டைக் கொஞ்சம் திருத்தவேண்டும். நிறத்தை நோயாக நினைக்கிற வீட்டில், உண்மையான நோய் வந்தால் அது நிறமாகத்தான் தெரியும். கழுத்துக்குப் பின்னால் கறுப்பாகத் தடித்தால் "அழுக்கு, தேய்த்துக் குளி" என்கிறோம். அது இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அறிகுறியாக இருக்கலாம். பேத்திக்கு வேண்டியது பீர்க்கங்காய் நார் அல்ல, சர்க்கரைப் பரிசோதனை.

சரி, டாக்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலாவது, படிப்பு. எம்.டி. அல்லது டி.என்.பி. தோல் பிரிவில், அல்லது அதற்கான டிப்ளமா. மகாராஷ்டிரா மெடிகல் கவுன்சில் பதிவு எண் இருக்கவேண்டும். 'காஸ்மெடாலஜிஸ்ட்', 'ஸ்கின் எக்ஸ்பர்ட்' என்று பளபளப்பான போர்டு போட்டவர்கள் எல்லோரும் டாக்டர் இல்லை.

இரண்டாவது, முன்வாசல் எப்படி இருந்தால் என்ன. சயான், கே.இ.எம்., நாயர் ஆகிய மாநகராட்சி ஆஸ்பத்திரிகளின் தோல் பிரிவில் காலையில் கேஸ் பேப்பர் எடுத்து உட்காருங்கள். கூட்டம் இருக்கும். ஆனால் அந்தக் கூட்டம்தான் அங்கிருக்கும் டாக்டர்களின் அனுபவம்.

மூன்றாவது, அவர் எப்படிப் பார்க்கிறார். நல்ல வெளிச்சத்தில், தொட்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒப்பிட்டு, உள்ளங்கை, உள்ளங்கால், நகம், வாய் உள்பட பார்க்கிறாரா? நம்மைப் போன்ற நிறத்தவருக்குக் கறுப்புப் புற்று பெரும்பாலும் வருவது வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான். பாப் மார்லி என்ற பாடகர் 1981-ல் 36 வயதில் போனது கால் கட்டைவிரலில் ஆரம்பித்த அதனால்தான். பேரனைக் கேளுங்கள், பாட்டே பாடிக் காட்டுவான்.

நாலாவது, கேள்வி கேளுங்கள். "இதில் ஸ்டீராய்ட் இருக்கா? எத்தனை நாள்? கறை தங்குமா?" லேசர் என்றால், "என் நிறத்துக்கு எந்த லேசர்? முதலில் ஒரு சின்ன இடத்தில் சோதித்துப் பார்ப்பீர்களா?" மெலனின் குறைந்த அலைநீள ஒளியை அதிகமாக விழுங்கும், விழுங்கினால் சுடும். அதனால் முடி நீக்க, நம் தோலுக்கு 1064 நானோமீட்டர் லேசர் மற்றவற்றைவிடப் பத்திரம் என்கிறார்கள். கேள்விக்குக் கோபித்துக்கொள்கிற டாக்டரைவிட, பதில் சொல்கிறவரிடம் போங்கள்.

ஐந்தாவது, எதையும் மறைக்காதீர்கள். இதுவரை தடவின க்ரீம், எண்ணெய், நாட்டு மருந்து, தலைச்சாயம் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். புண் ஆரம்பித்த நாளிலிருந்து பகல் வெளிச்சத்தில் ஃபோட்டோ எடுத்து வையுங்கள். ஃபைலில் ஏறாதது நடக்காதது, இது என் முப்பத்தைந்து வருஷ சர்வீஸின் சாரம்.

வெளிநாட்டில் இருக்கும் குழந்தைகளுக்கும் சொல்லுங்கள். நியூயார்க்கில் டாக்டர் சூசன் டெய்லர் 1999-ல் கறுப்பு, பழுப்புத் தோலுக்கென்றே ஒரு மையம் தொடங்கினார். 2004-ல் அதற்கென்று டாக்டர்கள் சங்கமும் ஏற்பட்டது. இப்போது அங்கே வேறு ஊர்களிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். "என் போன்ற நிறத்தவரை நீங்கள் நிறையப் பார்ப்பதுண்டா?" என்று கேட்பதில் அவமானம் ஒன்றும் இல்லை.

வீட்டில் நீங்கள் செய்யவேண்டியது சொல்பம். சிவப்பைத் தேடாதீர்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். புறங்கையால் சூடு பாருங்கள். வீக்கமா, மினுமினுப்பா, வழக்கத்தைவிடக் கறுப்பா என்று பாருங்கள். மஞ்சள் காமாலைக்குக் கண்வெள்ளை, சோகைக்குக் கீழிமையின் உள்பக்கம், நீலம் பாரித்தால் நாக்கும் உதடும். ஜுரத்தோடு கால் வலித்தால், சர்க்கரைக்காரராக இருந்தால், பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்புங்கள்.

அக்கா 2019-ல் போய்ச் சேர்ந்தாள், தூக்கத்தில், இரண்டு காலோடும். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பின அன்றைக்கு அந்த தாராவிப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைப் பார்க்க எத்தனையோ பேர் வந்திருக்கா. சரியா பார்த்தவ நீதாண்டி குழந்தே" என்றாள். டாக்டருக்கு அது விளங்கியிருக்காது. எனக்கு விளங்கிற்று.

 காபி ஆறிப்போவதற்குள் முடித்துக்கொள்கிறேன்.